பிந்தி வரும் பிள்ளைகளுக்கும் திசைமுகப்படுத்தல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழகங்களுக்குப் புதிய மாணவர்களைச் சேர்க்கும் காலம் மறுபடி வருகிறது. வெட்டுப்புள்ளி வெளியானதும் எங்கள் பக்கத்துப் பாடசாலைகளின் வாசலில் வாழ்த்துப் பதாகை கட்டுவார்கள். நீங்களும் பத்திரிகையில் படம் போடுவீர்கள். அந்தப் படங்களில் சிரித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளில் சிலர் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைக்கும்போது அங்கே புதியவர்களுக்கு எல்லாம் சொல்லித் தருகிற முதல் வாரம், அதாவது திசைமுகப்படுத்தல், பாதி முடிந்திருக்கும். அந்தப் பாதியில் என்ன கைநழுவிப் போகிறது என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. நான் அப்படிப் பிந்திப் போய்ச் சேர்ந்தவள். அதனால் எழுதுகிறேன்.

என் ஊர் மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பதை எழுதவில்லை. மாத்தறை, மிஹிந்தலை, ஒலுவில், வந்தாறுமூலை என்று வேறு வேறு இடங்களில் படிக்கிற எங்கள் பகுதிப் பிள்ளைகள் விடுமுறையில் ஒன்றுசேர்ந்தால் இதே பேச்சுத்தான் வருகிறது. ஆகவே ஓர் இடத்தை மட்டும் சுட்டிக்காட்டினால் விஷயம் சிறியதாகிவிடும்.

எங்கள் தோட்டத்தில் தபால்காரர் லயத்துக்கு லயம், அதாவது தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளுக்கு, வருவதில்லை. தபால் மொத்தமாகத் தோட்ட ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து அந்தந்தப் பக்கம் போகிற யாராவது ஒருவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். முகவரி என்று நாங்கள் எழுதுவது ஆளின் பெயர், பிரிவின் பெயர், தோட்டத்தின் பெயர், அப்புறம் பொகவந்தலாவை. வீட்டு இலக்கம் இல்லை, வீதிப் பெயர் இல்லை. இதே நான்கு வரிகளைத் தோட்டத்தில் இருக்கிற அத்தனை குடும்பமும் பங்கு போட்டுக்கொள்கிறது. என் பெயரும் முதலெழுத்தும் அப்படியே பொருந்துகிற இன்னொரு பிள்ளை எங்கள் தோட்டத்தில் இருக்கிறாள். கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறாள். பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு வந்த கடிதம் அவள் வீட்டுக்குப் போய்விட்டது. அவளுடைய அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. மகளுக்கு ஏதோ நல்ல காரியமாகத்தான் பெரிய உறை வந்திருக்கிறது என்று நினைத்து, அவள் லீவில் வரும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போயிருந்த இடத்தில் என் அம்மாவைப் பார்த்து, "எங்க பிள்ளைக்குப் பெரிய கவர் ஒன்னு வந்திருக்கு" என்று பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. அதற்குள் அங்கே ஆரம்ப வாரம் தொடங்கிவிட்டது. அந்த அம்மா மேல் எனக்குக் கோபமே கிடையாது. கடிதத்தை அவர் காத்த மாதிரி வேறு யார் காத்திருப்பார்கள்?

"இணையத்தில் போட்டிருந்தோமே, மின்னஞ்சலும் அனுப்பினோமே" என்று பீடத்தில் கேட்டார்கள். அனுப்பித்தான் இருந்தார்கள். ஆனால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு என் விண்ணப்பத்தைப் போட்டது டவுனில் இருக்கிற ஒரு கொமியூனிகேஷன் கடையில். எனக்கு மின்னஞ்சல் முகவரியை உருவாக்கியதும் கடைக்கார அண்ணன்தான். விண்ணப்பக் காலத்தில் அந்தக் கடையில் நிற்க இடமிருக்காது. ஒருவர் பின் ஒருவராக எல்லாருக்கும் அவரே செய்து கொடுப்பார். கடவுச்சொல் அவருடைய கணினியில் கிடந்தது. எங்கள் லயத்தில் சிக்னலும் கிடையாது. கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் டேட்டா வேலை செய்யும். நான் தெரிவான செய்தியைக்கூடப் பாடசாலையில் எங்கள் சேர் பார்த்துத்தான் சொன்னார். இணையத்தில் போட்டாயிற்று என்றால் எல்லார் கைக்கும் போய்விட்டது என்று எண்ணுகிறவர்கள் ஒருமுறை மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்துக்கு வந்து பார்க்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திசைமுகப்படுத்தல் என்றால் குத்துவிளக்கேற்றி, உபவேந்தர் பேசி, தேநீரோடு முடிகிற விழா என்றுதான் எங்கள் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். "பாடம் இன்னும் தொடங்கவில்லைதானே, விழாவுக்குப் போகாவிட்டால் என்ன?" என்று என் தைரியத்துக்காகச் சொன்னவர்களும் உண்டு. விழா முதல் நாள் காலையோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான், அடுத்த மூன்று நான்கு வருடங்களுக்கு அங்கே எப்படிப் படிப்பது, எப்படிப் பிழைப்பது என்பதைச் சொல்லித் தருகிறார்கள். பெரும்பாலானவற்றை ஒரே ஒருமுறைதான் சொல்கிறார்கள்.

நாங்கள் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்ட அன்று அப்பாவுக்குப் பேர் இல்லை. அதாவது அன்றைய சம்பளம் இல்லை. அவரும் நானும் விடியுமுன் புறப்பட்டு, நோர்வூட் வழியாக ஹட்டனுக்கு வந்து, பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரமாகிவிட்டது. பீட அலுவலகத்தில் எனக்கென்று வைத்திருந்த உறையைக் கொடுத்தார்கள். உள்ளே ஒரு கோப்பு, மாணவர் கைநூல், ஆரம்ப வாரத்தின் நிகழ்ச்சி நிரல். எல்லாம் ஆங்கிலம். அங்கிருந்த மிஸ் சிவப்புப் பேனாவை எடுத்து நிகழ்ச்சி நிரலில் முடிந்துபோன அமர்வுகளை ஒவ்வொன்றாக வெட்டிக் காட்டினார். "இது முடிஞ்சுது, இதுவும் முடிஞ்சுது" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வெட்டினார். கோபமாக இல்லை, அன்பாகத்தான். அப்பா அந்தச் சிவப்புக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "பரவாயில்லையா மிஸ்?" என்று தமிழில் கேட்டார். மிஸ் தலையை ஆட்டினார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். வெட்டுப்பட்ட வரிகள் எதைச் சொல்லின என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. ஒவ்வொன்றும் பிறகு, அதற்குரிய நேரம் தவறிய பிறகு விளங்கியது.

முதலாவது, ஆங்கில மட்டம் பார்க்கிற சோதனை. புதிய மாணவர்கள் எல்லாரையும் உட்காரவைத்து ஒரு தாள் கொடுத்து, புள்ளியைப் பார்த்துக் குழு பிரிக்கிறார்கள். எழுதாதவர்களுக்குப் புள்ளி இல்லை. புள்ளி இல்லாதவர்கள் கடைசிக் குழு. என்னையும் அதில்தான் போட்டார்கள். உயர்தரம்வரை தமிழில் படித்த எனக்கு ஆங்கிலம் சரளமாக வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடைசிக் குழுவில் நாங்கள் படித்தது என் பெயர் இது, என் ஊர் இது, எனக்கு இரண்டு தம்பிகள் என்பதெல்லாம். அதே கிழமைகளில் ஆய்வுகூடத்தில் செய்முறை தொடங்கிவிட்டது. அதற்கு அறிக்கை எழுதவேண்டும், ஆங்கிலத்தில். நடுக்குழுவில் இருந்தவர்களுக்கு விரிவுரையில் குறிப்பெடுப்பது எப்படி, அறிக்கையில் முறையை எந்தக் காலத்தில் எழுதுவது, முடிவை எப்படி எழுதுவது என்று ஆங்கில வகுப்பிலேயே காட்டிக் கொடுத்தார்கள். எனக்குத் தேவைப்பட்டது அதுதான். குழு மாறலாமா என்று கேட்டேன். சோதனை எழுதினால் மாறலாம், சோதனை அடுத்த வருடம் புதியவர்கள் வரும்போதுதான் என்றார்கள். ஒரு காலைப்பொழுதில் எழுதி முடிக்கிற ஒரு தாள். அதை இன்னொரு காலையில் பிந்தி வந்தவர்களுக்கு மட்டும் வைக்க என்ன தடை? இன்றுவரை எனக்கு விளங்காத கேள்வி அது.

இரண்டாவது இதைவிடப் பெரியது. எனக்கு இரசாயனவியலில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் செய்ய ஆசை. ஹட்டனில் உயர்தரம் படித்த காலத்திலிருந்தே அந்த ஆசை இருக்கிறது. எங்கள் பீடத்து விதிப்படி அதற்கு முதலாம் ஆண்டில் கணிதத்தில் ஒரு பாட அலகில் சித்தியடைந்திருக்க வேண்டும். நான் உயிரியல் பிரிவிலிருந்து வந்தவள். பாட அலகுகளை இணையத்தில் பதிவு செய்தபோது அந்தக் கணித அலகுக்குப் பக்கத்தில் விரும்பினால் எடுக்கலாம் என்ற அர்த்தத்தில் ஒரு சொல் மட்டும் போட்டிருந்தது. உயிரியல் பிள்ளைகள் பலர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இந்த அலகை விட்டால் எந்தக் கதவு சாத்தப்படும் என்பதைத் துறைத் தலைவர் திசைமுகப்படுத்தலில் திரையில் போட்டுக் காட்டி, கேள்விகளுக்கும் பதில் சொல்லியிருக்கிறார். கைநூலில் தேடினேன். இருக்கத்தான் செய்கிறது, பின்பக்கம் ஓர் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில். முதலாம் ஆண்டு முடிகிற நேரத்தில்தான் எனக்கு அது தெரிந்தது. இப்போது முதலாம் ஆண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்த அலகைப் படிக்கிறேன். என் சொந்தப் பாட நேரத்தோடு அது மோதுகிறது. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு, பிறகு கூட்டாளியின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறேன். சிறப்புப் பட்டத்துக்கு எடுபடுவேனா என்பது இன்னும் நிச்சயமில்லை.

மூன்று வருடப் பட்டத்துக்கு 90 கிரெடிட், நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும் என்பதும், முதலாம் ஆண்டுப் பெறுபேறும் கடைசிச் சராசரியில் சேரும் என்பதும் எனக்குச் சொல்லித் தந்தது பசறையிலிருந்து வந்து படித்த ஓர் அக்கா. என் கட்டிலில் உட்கார்ந்து, கொப்பியின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை கிரெடிட், அதில் 'பி' எடுத்தால் எவ்வளவு, 'சி' எடுத்தால் எவ்வளவு என்று கூட்டிக் காட்டினார். இடையில் "உனக்கு விளங்கலைன்னா சொல்லு, வெட்கப்படாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு மறுநாள் பரீட்சை. அப்படி ஓர் அக்கா கிடைப்பதும் கிடைக்காததும் அதிர்ஷ்டம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு பிள்ளையின் படிப்பு அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கக் கூடாது.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மஹாபொல என்கிற மாணவர் உதவிப்பணம் 1981இலிருந்து இருக்கிறது, அதன் பெயர் தெரியாத வீடு தோட்டத்தில் இல்லை. ஆனால் அந்தப் பணம் கையில் வந்து சேர எந்த வங்கியில் கணக்குத் திறக்க வேண்டும், எந்தப் படிவத்தை எந்த அறையில் கொடுக்க வேண்டும் என்பதை ஆரம்ப வாரத்தில்தான் சொன்னார்கள், படிவத்தையும் அங்கேயே கொடுத்தார்கள். எனக்குப் படிவம் கிடைத்து, கொடுத்து, பணம் வந்து சேரப் பல மாதமாயிற்று. அதுவரை அம்மாவின் தோடு அடகுக் கடையில் இருந்தது.

புதியவர்களைப் பழைய மாணவர்கள் துன்புறுத்துகிற பகிடிவதை பற்றியும் எழுதத்தான் வேண்டும். எல்லாரோடும் சேர்ந்து முதல் நாள் போகிற பிள்ளைக்கு மண்டபத்தில் ஒரு மணிநேரமாவது சொல்கிறார்கள்: பகிடிவதை குற்றம், யாராவது கூப்பிட்டால் போகத் தேவையில்லை, இந்த இலக்கத்துக்கு அழையுங்கள், இவர்தான் மாணவர் ஆலோசகர் என்று ஆளையும் மேடையில் நிறுத்திக் காட்டுகிறார்கள். பிந்திப் போகிற பிள்ளை விடுதிக்குத் தனியாகப் பெட்டியோடு போகிறாள். அவளை முதலில் சந்திக்கிறவர்கள் சிரேஷ்ட மாணவிகள். என் பெட்டியைத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோய் வைத்ததும் அவர்கள்தான். இரவில் அறைக்குக் கூப்பிட்டதும் அவர்கள்தான். அங்கே நடந்ததை நான் எழுத விரும்பவில்லை. பகிடிவதைக்கு எதிரான 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தில் சிறைத் தண்டனை இரண்டு வருடம்வரை இருக்கிறது. பாலியல் தொந்தரவோ கடுமையான காயமோ என்றால் பத்து வருடம்வரை போகும். மானியங்கள் ஆணைக்குழுவுக்கு நேரடியாகவே முறையிடலாம். இதெல்லாம் நான் பின்னால் தேடிப் படித்தது. அந்த இரவில் எனக்கு ஒன்றும் தெரியாது. இதுதான் இங்கே வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அதே மாடியில் என்னோடு சேர்ந்த மற்றப் பிள்ளைகள், "நாங்கள் வரமாட்டோம், சேர் சொன்னார்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களுக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம் அந்த ஒரு மணிநேரம்தான்.

பெரிய பிள்ளைகள்தானே, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதானே என்று சொல்வார்கள். விரிவுரையாளர் ஒருவர் என்னிடமே சொன்னார். அவர் நல்ல மனிதர், தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்பதற்கு அப்படி ஒன்று இருக்கிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். கணித அலகைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? கொழும்பிலோ கண்டியிலோ இருந்து வருகிற பல பிள்ளைகளுக்கு வீட்டில் ஓர் அண்ணனோ, சித்தப்பாவோ, பக்கத்து வீட்டு டாக்டரோ இருப்பார். "முதல் வாரம் தவறவிடாதே, இதைக் கேள், அதை எழுதிக்கொள்" என்று சாப்பாட்டு மேசையிலேயே சொல்லியிருப்பார்கள். எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். எனக்கு எல்லாம் தெரிந்த பெரிய ஆள் எங்கள் பாடசாலை சேர். அவர் படித்தது ஆசிரியர் கலாசாலையில். ஆரம்ப வாரம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள்தான் அதைத் தவறவிடுகிற இடத்தில் இருக்கிறார்கள்.

அரசாங்கத்துக்கு இது தெரியாத விஷயமல்ல. விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கு ஆள் எடுக்கும்போது 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16இல் இருக்கின்றன. பின்னால் நின்று ஓட வேண்டிய பிள்ளைகள் இவர்கள் என்று ஒப்புக்கொண்டுதான் அந்த இடங்களைக் கொடுக்கிறார்கள். அப்படியானால் இடம் கொடுத்து உள்ளே எடுத்த பிறகு முதல் வாரத்திலேயே கையை விடுவது எப்படிச் சரியாகும்? கொடுத்த இடத்தில் அந்தப் பிள்ளை நிலைத்து நிற்கவும் வழி செய்ய வேண்டும் அல்லவா?

பிந்தி வருகிறவர்கள் எங்களைப் போலக் கடிதம் தவறியவர்கள் மட்டுமில்லை. முதல் தெரிவில் வந்தவர்களில் சிலர் பதிவு செய்வதில்லை, வேறு துறைக்குப் போய்விடுகிறார்கள். அந்த வெற்றிடங்களுக்கு ஆணைக்குழு அடுத்த நிலையில் இருப்பவர்களை எடுக்கிறது. அவர்களுக்குக் கடிதம் போவதே பிந்தித்தான். விரிவுரை தொடங்கிச் சில வாரம் கழித்து வந்தவர்கள் எங்களோடு அதே வருடம் சேர்ந்தவர்களிலேயே இருக்கிறார்கள். நான் பாதி வாரத்தை இழந்தேன், அவர்களுக்கு முழு வாரமும் இல்லை. மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து பாதை மூடினால், பிள்ளை ஹட்டனிலேயே பெட்டியோடு நிற்க வேண்டியதுதான். இதில் எது அந்தப் பிள்ளைகளின் அலட்சியம்?

ஆகவே நான் கேட்பது இதுதான். விரிவுரை தொடங்கி மூன்றாம் அல்லது நான்காம் வாரத்தில், பிந்தி வந்த எல்லாரையும் கூப்பிட்டு, முக்கியமான அமர்வுகளை இன்னொரு முறை நடத்த வேண்டும். விளக்கேற்ற வேண்டாம், பெரிய மண்டபமும் வேண்டாம். ஒரு வகுப்பறையும், பாடத் தெரிவை விளக்க ஒரு விரிவுரையாளரும், நலன்புரிப் பகுதியிலிருந்து ஒருவரும், மாணவர் ஆலோசகரும் போதும். ஒரு சனிக்கிழமைக்குள் முடிந்துவிடும். பாட அலகுகளை மாற்றுவதற்கான கடைசித் திகதி அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகுதான் வர வேண்டும். அதற்கு முன்னால் வந்தால் விளக்கிப் பயனில்லை. ஆங்கிலச் சோதனையையும் அன்றே வைக்கலாம். பகிடிவதை பற்றிச் சொல்வதை மட்டும் அந்தச் சனிக்கிழமைவரை தள்ளி வைக்காதீர்கள். பிந்தி வருகிற பிள்ளை விடுதிப் பதிவில் கையெழுத்துப் போடுகிற அந்த நேரத்திலேயே, விடுதிப் பொறுப்பாளர் ஒரு தாளைக் கையில் கொடுத்து வாயாலும் சொல்ல வேண்டும்.

அந்தத் தாள் தமிழிலும் இருக்க வேண்டும். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழியாகிவிட்டது. பாடத்தை ஆங்கிலத்தில் படிக்கிறோம், அது நாங்கள் ஒத்துக்கொண்டு வந்தது. அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் உதவிப்பணம் எப்படிக் கிடைக்கும், நோய் வந்தால் எங்கே போவது, யாராவது துன்புறுத்தினால் யாரிடம் சொல்வது என்பதெல்லாம் பாடமில்லை. ஆங்கிலம் படிக்க வந்த முதல் வாரத்திலேயே இவற்றை ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்துவிட்டு, வாயால் விளக்குவதைச் சிங்களத்தில் மட்டும் செய்தால், எங்களுக்கு எந்தப் பக்கத்திலும் பிடி கிடைக்காது. அமர்வுகளை ஒளிப்பதிவு செய்து போட்டாலும் நல்லது. சிக்னல் இல்லாத லயத்தில் அதைப் பார்க்க முடியாதுதான். ஆனால் விடுதிக்கு வந்த பிறகு பல்கலைக்கழகத்தின் இணைப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

கடிதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மலையகத் தமிழர் இந்த மண்ணுக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்து போனார்கள். அப்போது நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தச் செய்திகளை உங்கள் பத்திரிகையில் தம்பி சத்தமாக வாசிக்க, அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். 200 ஆண்டுக்குப் பிறகும் எங்கள் லயத்துக் கதவில் ஓர் இலக்கம் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கம் கொடுத்து, தபாலை வீட்டுக்கே கொண்டுவர ஏற்பாடு செய்ய எவ்வளவு காலம் பிடிக்குமோ தெரியாது, அதற்காகப் பேசுகிறவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதுவரைக்கும் ஒரு சின்ன ஏற்பாடு போதும். பல்கலைக்கழகங்கள் கடிதத்தை மாணவருக்கு அனுப்பும்போது, அவர் படித்த பாடசாலையின் அதிபருக்கும் ஒரு பிரதி அனுப்பட்டும். யார் தெரிவானார், எந்தப் பிரிவில் இருக்கிறார் என்பது அதிபருக்கும் ஆசிரியர்களுக்கும் கட்டாயம் தெரியும். எங்கள் சேர் கையில் அந்தக் கடிதம் கிடைத்திருந்தால் அன்று மாலையே லயத்துக்கு நடந்து வந்திருப்பார். தோட்ட ஆபீசுகளில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: பல்கலைக்கழக முத்திரை உள்ள உறையைப் பார்த்தால், பிள்ளையை ஆபீசுக்கே கூப்பிட்டு, அடையாள அட்டையைப் பார்த்துக் கையில் கொடுங்கள்.

இந்த வருடம் போகப்போகிற தம்பி தங்கைகளுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைக்கார அண்ணன் செய்து தந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, உங்களுக்கு மட்டும் தெரிகிறதாக மாற்றி, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பதிவு செய்த நாளிலிருந்து கிழமைக்கு இரண்டு தரமாவது திறந்து பாருங்கள், மேட்டுக்கு ஏறித்தான் பார்க்க வேண்டும் என்றாலும் பரவாயில்லை. பிந்திப் போக நேர்ந்தால் நிகழ்ச்சி நிரலை வாங்கிக்கொண்டு, முடிந்துபோன ஒவ்வோர் அமர்வையும் சுட்டிக்காட்டி, "இதில் என்ன சொன்னார்கள், யாரிடம் கேட்கலாம்?" என்று அலுவலகத்திலேயே கேளுங்கள். தமிழில் பதில் சொல்லக்கூடிய ஒருவரைக் கேட்பதற்கும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. பாடத்தைத் தெரிவு செய்யுமுன், நீங்கள் கடைசியில் எந்தப் பட்டத்தோடு வெளியே வர விரும்புகிறீர்களோ அந்தத் துறையின் விரிவுரையாளர் ஒருவரிடம் போய், அதற்கு முதலாம் ஆண்டில் கட்டாயம் எடுக்க வேண்டியது எது என்று கேளுங்கள். இரவில் யாராவது அறைக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். சட்டம் உங்கள் பக்கம்.

பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியா பக்கத்திலிருந்து வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் படிக்கிற நாங்கள் சிலர் அடுத்த விடுமுறையில் எங்கள் பழைய பாடசாலைகளுக்குப் போய், புதிதாகத் தெரிவானவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் இருத்தி, இதையெல்லாம் தமிழில் சொல்லிக் கொடுக்கப் போகிறோம். அதிபர்கள் இடம் தந்தால் போதும்.

கடைசியாக, ஐயா, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வெட்டுப்புள்ளியைப் பக்கம் பக்கமாக வெளியிடுகிறீர்கள். அதேபோல ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு பீடத்துக்கும் ஆரம்ப வாரம் எந்தத் திகதியில் தொடங்குகிறது என்பதையும், திகதி தெரிய வந்ததும் ஒரு மூலையில் போடுங்கள். தோட்டத்தில் பத்திரிகை வருவது சலூனுக்கும் கடைக்கும்தான், ஆனால் அங்கே வந்த பத்திரிகையைப் படிக்காதவர் இல்லை. எங்கள் பிரிவுச் சலூன்கார அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அந்தத் திகதி பேப்பரில் வந்திருந்தா நானே உங்க வீட்டுக்கு வந்து சொல்லியிருப்பேன்" என்கிறார்.

இப்படிக்கு,
விஞ்ஞான பீட இரண்டாம் ஆண்டு மாணவி,
பொகவந்தலாவை.
(பெயரை வெளியிட வேண்டாம்.)